இரண்டு காலில் நடந்த சிறுத்தை

ஈரக்கல் மலையில் மழை பெய்வதை யாரும் ஒரு பேச்சாக எடுப்பதில்லை. மழை நின்றால்தான் கடைக்காரர்கள் வெளியே வந்து வானத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்த ஊர்க் கடைவீதியில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்த பாக்கியசீலி, ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து, புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுடிதார் மாட்டி, முழங்கால்வரை ஏறுகிற ரப்பர் பூட்ஸுக்கு அட்டை ஏறாமலிருக்க உப்பும் மூக்குப்பொடியும் தடவி, கணவன் ஞானதுரையோடு சோலைக்காட்டுக்குள் நடக்கப் போவாள். காட்டில் அவர்களுக்கு வெட்டவோ பறிக்கவோ எதுவுமில்லை. மரத்தையும் செடியையும் பறவையையும் பார்த்துப் பேர் சொல்லிவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

அவர்களோடு இன்னும் நாலு பேர் வருவார்கள். முன்னால் போகிறவர் பேராசிரியர் வைத்தியலிங்கம். கீழே கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்று, குளிருக்காகவே இந்த மலைக்குக் குடிவந்தவர். அவருக்குப் பின்னால் கழுத்தில் கேமராவோடு ஜுனைதா. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல்கடை வைத்திருந்தாள், இலைக்குள் மறைந்திருக்கிற பறவையைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாள். அப்புறம் கேரட் தோட்டக்காரர் போஜன்; எல்லாருக்கும் முறுக்குக் கொண்டுவருகிறவர் அவர்தான். புதிதாகச் சேர்ந்தவன் கலியபெருமாள். வேதாரண்யம் பக்கத்து உப்பளத்து ஊரிலிருந்து வந்து, பாக்கியசீலி கடைக்கு அடுத்த கதவிலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தான். அதன் மாடியிலேயே தனியாகக் குடியிருந்தான். மலையில் எந்தச் செடியையும் அவனுக்குத் தெரியாது. பேசுவதற்கு ஆள் கிடைக்குமே என்றுதான் சேர்ந்தான்.

பேராசிரியர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்றைப் பார்த்தால் உடனே பேர் சொல்லக்கூடாது. எல்லாரும் நின்று பார்க்கவேண்டும், இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும், மணத்தைப் பார்க்கவேண்டும், பிறகு ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த ஞாயிறுவரை அதற்குப் பேர் கிடையாது. அப்படிப் பேரில்லாமல் வாரக்கணக்கில் நின்ற ஒரு மரம்கூடச் சோலையில் இருந்தது. கடைசியில் அது நாவல் வகைதான் என்று போஜன் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். ஞானதுரைக்கு மட்டும் பேர் சொல்கிற ஆசை கிடையாது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவன் எல்லாருக்கும் கடைசியில், மனைவிக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நடந்துவருவான்.

ஆடி மாதத்துச் சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காட்டுப்பூவரசு பூத்திருப்பதைப் பார்க்கப் போய், போன வழியே திரும்பி வந்துகொண்டிருந்தபோது, முன்னால் போன பேராசிரியர் நின்றார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"சிறுத்தை," என்றார். "பெரிசு."

அந்தக் காட்டில் சிறுத்தையின் தடம் அதிசயமில்லை. ஆனால் இந்தத் தடம், அவர்கள் காலையில் ஏறிப்போனபோது பதித்துவிட்டுப்போன பூட்ஸ் தடங்களுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை; அவற்றோடு சேர்ந்து இருந்தது. அவர்கள் நின்று கருமந்தியைப் பார்த்த இடத்தில் அதுவும் நின்றிருந்தது. சிரிப்பான் குருவியின் கூட்டைப் பார்க்க அவர்கள் நெருக்கியடித்த இடத்தில் அதுவும் நெருக்கியடித்திருந்தது. போஜன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்த பாறைக்குப் பக்கத்தில், தன் பங்குக்காகக் காத்திருந்ததுபோல வட்டத்தில் ஒன்றாக அதுவும் நின்றிருந்தது. நாலு காலில் நடக்கவும் இல்லை. மனிதர் நடக்கிறமாதிரி இடது வலது, இடது வலது என்று இரண்டே காலில் நடந்திருந்தது.

"ஆறு பேர் ஏறினோம்," என்றார் போஜன் மெதுவாக. "அஞ்சு பேரோட பூட்ஸ் தடந்தானே இருக்கு?"

யாருடைய பூட்ஸ் குறைகிறது என்று பார்க்க வழியில்லை. ஆறு பேரும் கடைவீதியில் ஒரே கடையில் ஒரே மாதிரி பூட்ஸ் வாங்கியவர்கள். ஈரமண்ணில் தடமெல்லாம் விரிந்து, நீர் கோத்து, பெரிய கால் சின்னக் கால் வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது. ஜுனைதா படம் எடுத்துக்கொண்டாள். பேராசிரியர் சட்டப்படி எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொன்னார், பார்த்தார்கள். பிறகு அவரே சொன்னார்: "குதிகால் மெத்தை அகலம். விரல் வட்டம். பொட்டையா இருந்தா நீளமா இருக்கும். இது ஆண்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பாக்கியசீலிக்கும் ஜுனைதாவுக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வெளியே வந்தது. பாக்கியசீலி அங்கே நின்றிருந்த ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேராசிரியர், போஜன், கலியபெருமாள். கடைசியாகத் தன் கணவனைப் பார்த்தாள். அவன் தடத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் கண் பட்டதும் சட்டென்று மரத்தைப் பார்க்கத் திரும்பினான்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. காட்டுக்குப் போகிற கூட்டத்தில் ஒருத்தன் சிறுத்தைத் தடம் விடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். அது எப்படி முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார்கள். வனக்காவலர் ஒருவர் வந்து பார்த்து, இரண்டு காலில் நடக்கிற சிறுத்தைக்குக் கூண்டு வைக்கத் தனக்கு உத்தரவில்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்தடுத்த வாரங்களில் மழை வலுக்க, தடம் கடைவீதிக்கே வந்தது. பேக்கரி வாசலில் ஒன்று, சர்ச்சுப் படிக்கட்டுக்குக் கீழே இரண்டு, ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்னால் ஈரமண்ணில் நிறைய என்று காலையில் பார்த்தவர்கள் சொன்னார்கள். கூட்டம் கூடி மிதித்து அழிப்பதற்குள் பார்த்தவர்கள் பார்த்தார்கள், பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொன்னார்கள்.

ஊர் அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. ரேஷன் கடைக்காரர் வாசலில் ஆற்றுமணல் பரப்பி, அதில் நடந்துவருகிறவர்களுக்கு மட்டும் சர்க்கரை நிறுத்தார். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு களிமண்ணில் பதித்த காலும் கொண்டுவரவேண்டியதாயிற்று. பெண்கள் அடுப்புச் சாம்பலை வாசலில் தூவி வைத்து, வேலைக்குப் போய்த் திரும்புகிற புருஷனை அதன்மேல் நடக்கவிட்டுப் பார்த்தபின் சோறு போட்டார்கள். பெண்களை யாரும் பார்க்கவில்லை; தடம் ஆணுடையது என்று பேராசிரியரே சொல்லியிருந்தாரே. பேக்கரிக்காரர் சவரியப்பன் சிறுத்தைப் பாதம் போட்ட பிஸ்கட் சுட்டு விற்றார். ஆனால் அவருடைய நாய் காணாமல் போனதும் அதை நிறுத்திவிட்டு, வியாபாரிகள் சங்கத்தைக் கூட்டி, ஆளைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்றார். மலையில் நாய்கள் எப்போதும் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன. இப்போது அதற்குக் காரணம் என்று ஒன்று வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடை மட்டும் நிற்கவில்லை. நின்றவன்தான் அவன் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயத்தில் ஆறு பேரும் தவறாமல் வந்தார்கள். ஆனால் முன்மாதிரி செடியைப் பார்க்கவில்லை. பேராசிரியர் பெரணி இலையைத் திருப்பிக் காட்டும்போது போஜன் கலியபெருமாளின் காலைப் பார்த்தார், கலியபெருமாள் பேராசிரியரின் காலைப் பார்த்தான், ஜுனைதா எல்லார் காலையும் பார்த்தாள். தடம் முன்போலத் தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை. அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக, பாதி அழிந்துதான் கிடைத்தது. "ஒளிக்கக் கத்துக்கிட்டான்," என்றார் போஜன். அன்றைக்கு முறுக்குப் பொட்டலத்தை அவர் பிரிக்கவேயில்லை.

பாக்கியசீலி வீட்டில் விஷயம் வேறு மாதிரி ஆரம்பித்தது. காலையில் அவள் எழுந்து குளித்து, ஈரக்காலோடு கூடத்தைக் கடந்து சாமான் அறைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஞானதுரை துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பான். இருபது வருஷக் குடித்தனத்தில் துடைப்பத்தைத் தொட்டறியாதவன். "ஏங்க, என்ன புதுசா?" என்று கேட்டாள். "வழுக்குது சீலி, விழுந்துவைக்கப் போறே," என்றான் நிமிராமல். பின்வாசலில் ஈரமண்ணை மண்வெட்டியால் கிளறிவிட்டான். கடைக்குப் போகும்போதுகூட, பணிமனை எதிர்ப்பக்கம் இருந்தும், அவளோடு கடைவரை வந்து விட்டுவிட்டுப் போனான்; அவள் முன்னால், அவன் பின்னால்.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிற ஆள், யார் இவர் என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது அவன் கறியைக் கடிக்கிற விதத்தைப் பார்த்தாள். தெருநாய் அவனைக் கண்டு விலகுகிறதா என்று பார்த்தாள். நாய்கள் அவர்கள் இருவரையும் கண்டாலே விலகின. ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து குழந்தைகளுக்குப் போடுகிற பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றித் தரை முழுக்க மெலிதாகத் தூவி வைத்தாள். காலையில் கண் விழித்ததும் கீழே பார்த்தாள். பவுடர் ஒரு துளி இல்லை. தரை துடைத்து, உலர்ந்து, பளபளவென்று இருந்தது. ஞானதுரை அடுக்களையில் அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவள் கடையைத் திறந்து உட்கார்ந்தபோது மாத்திரைப் பேரெல்லாம் கண்ணுக்குமுன் கலங்கின. சவரியப்பன் வாயுத்தொல்லைக்கு மருந்து வாங்க வந்தார். வாங்கிக்கொண்டும் போகவில்லை. கவுண்டரில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சிஸ்டர், நீங்க கூடவே போறவங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. உங்க வீட்டுக்காரர்கூட ரெண்டு வாரமா ஒரு மாதிரிதான் இருக்காரு. யாருன்னு நெனக்கிறீங்க?"

அடுத்த கதவில் கலியபெருமாள் யாரோ குழந்தைக்கு ஊசி காட்டாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"நான் என்னத்தைக் கண்டேன்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அந்தத் தம்பி வந்து சேர்ந்தப்புறந்தானே இதெல்லாம். தடமும் அவங்க வாசல்லதானே அதிகம்."

சவரியப்பன் மெதுவாகத் தலையை ஆட்டினார். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை, மழைத்தண்ணீர் சரிவில் இறங்குகிறமாதிரி, தானே வழி பார்த்துக்கொண்டு ஊர் முழுக்க இறங்கியது. கலியபெருமாளிடம் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கையை நீட்டாமல் திரும்பிப்போனார்கள். ரத்தத்தை எடுத்து என்ன செய்கிறானோ என்று கேட்டுக்கொண்டார்கள். ஓட்டலில் அவன் உட்கார்ந்த மேசையில் மற்றவர்கள் உட்காரவில்லை. கடலோரத்தில் சிறுத்தை ஏது என்று யாரோ ஒருவர் கேட்டதற்கு, அதனால்தான் மலைக்கு வந்திருக்கிறான் என்று பதில் வந்தது. மாடி வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவன் பாக்கியசீலி கடைக்கு வந்து தலைவலிக்கு மாத்திரை கேட்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். "என்னாக்கா, நீங்களும் பேசமாட்டேங்கிறீங்க?" என்றான். "வேலை இருக்குப்பா," என்றாள். உண்மையைச் சொன்னால் புருஷன் போய்விடுவான். சொல்லாவிட்டால் இந்தப் பையன் போய்விடுவான். புருஷன் போவதைவிட, பையன் போனால் தாங்கிக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டதைக் கண்டு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

பேராசிரியர்தான் வழி சொன்னார். பேரை எல்லாரும் பார்த்துத்தானே ஒத்துக்கொள்ளவேண்டும். போஜனுடைய தோட்டத்தில் கேரட் பிடுங்கி, மண்ணைச் சமமாக்கிப் போட்டிருக்கிறது. மழையில் ஊறி மெழுகுமாதிரி இருக்கிறது. ஆறு பேரும் வெறுங்காலோடு ஒவ்வொருவராக அதைக் கடக்கட்டும், ஊர் வரப்பில் நின்று பார்க்கட்டும். பெண்கள் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். குழு என்றால் முழுக் குழுவும்தான் என்றார் பேராசிரியர்.

முந்தின நாள் பாக்கியசீலி கணவனிடம் சொன்னாள். "ஏங்க, நாளைக்கு டூட்டி இருக்குன்னு சொல்லிட்டு டிப்போவுக்குப் போயிடுங்களேன்."

"நீ போறேல்ல?"

"நான் போனா என்ன? நான் பொம்பளை."

"நீ போனா நானும் வர்றேன்," என்றான். அவளுக்கு அழுகை வந்தது; இந்த மனுஷன் தானாகவே போய் மாட்டிக்கொள்ளப் போகிறானே என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

காலையில் சாரல் நின்று, மஞ்சள் வெயில் தோட்டத்தில் விழுந்திருந்தது. வரப்பெல்லாம் ஆட்கள். தோட்டத்தின் பாதியைக் கயிறு கட்டி நடக்க விட்டிருந்தார்கள். மறுபாதி தொடாமல் கிடந்தது. பேராசிரியர் வேட்டியைத் தூக்கிக்கட்டி முதலில் நடந்தார். மெலிந்த, நீண்ட, மனிதக் கால் விழுந்தது. போஜன் நடந்தார், அகலமான கால், மனிதக் கால். ஜுனைதா கேமராவை ஒருவரிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். கூட்டம் அவளுடைய தடத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்து பாக்கியசீலி கால் வைத்தாள். பின்னாலேயே ஞானதுரை இறங்கினான். "ஒவ்வொருத்தரா," என்று சவரியப்பன் கத்தினார். "அவளுக்கு வழுக்கும், பிடிக்க ஆள் வேணும்," என்றான் ஞானதுரை, யார் பதிலுக்கும் காத்திராமல். அவள் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அவனுடைய மூச்சு கேட்டது. அவள் கால் எடுத்ததும் அதே இடத்தில் சதக்கென்று அவன் கால் விழுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்று நினைத்தாள். ஆனால் அவர் கால்தானே மேலே விழுகிறது, அதுதானே எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்றும் நினைத்தாள். நடுத்தோட்டத்தில் அவளால் தாங்கமுடியவில்லை. நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

அவ்வளவு தூரமும் ஒரே ஜோடித் தடம்தான் இருந்தது. பெரிய, சப்பட்டையான, ஐந்து விரலும் பதிந்த ஞானதுரையின் கால். மனிதக் கால். அவனுக்கு முன்னால், இப்போதுதான் அவள் கால் எடுத்த, அவன் இன்னும் மிதிக்காத ஒரே ஒரு இடத்தில், வட்டமான நாலு விரலும் அகன்ற மெத்தையும் பதிந்து, அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே, கெஞ்சுகிற கண்ணோடு, அதன்மேல் தன் காலை வைத்து அழுத்தினான்.

ஊரில் எல்லாருடைய காலையும் பார்த்தவள் அவள். தன் காலை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

அக்கரை வரப்பை அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. கூட்டம் ஞானதுரையின் தடத்தைப் பார்த்துத் திருப்தியாகி, கலியபெருமாள் பக்கம் திரும்பிவிட்டது. அவன் மறுபாதித் தோட்டத்துக்கு அந்தப்பக்கம் தனியாக நின்றிருந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"இறங்குப்பா," என்றார் சவரியப்பன்.

"நான் நடக்கமாட்டங்க," என்றான் கலியபெருமாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். "ஊர்ல பாதிப் பேருக்கு நான் ரத்தம் எடுத்திருக்கன். கையை நம்பிக் கொடுத்தீங்க. இப்ப காலைக் காட்டுன்னா, காட்டமாட்டன். என்ன வேணா பண்ணிக்குங்க."

"அப்போ நீதான்," என்று ஒரு குரல் எழும்பியது. பெட்டியைத் தூக்கி மத்தியான பஸ்ஸில் ஏற்று என்று இன்னொரு குரல் வந்தது. ஆட்கள் வரப்பில் நகர ஆரம்பித்தார்கள். பாக்கியசீலியின் முழங்கையைக் கணவன் பிடித்தான். "வா, வீட்டுக்குப் போயிடலாம்," என்றான். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள். வரப்பிலிருந்து இறங்கி, யாரும் மிதிக்காத மறுபாதித் தோட்டத்தில் கால் வைத்து, கலியபெருமாள் நின்ற இடத்தைப் பார்த்து நேராக நடந்தாள். "சீலி, நில்லு," என்று ஞானதுரை கத்திக்கொண்டு ஓடிவந்தான். "நீங்க வராதீங்க," என்று அவள் திரும்பாமலே சொல்ல, அவன் நின்றுவிட்டான்.

ஊரே பார்க்க அவள் நடந்தாள். மெட்டி போட்ட, பித்தவெடிப்புள்ள, நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் கால் ஐந்து விரலோடு மண்ணில் இறங்கியது. எழுந்தபோது நாலு விரலோடு சிறுத்தைத் தடம் கிடந்தது. ஒவ்வொரு அடியும் அப்படித்தான். அவளுக்கு வலிக்கவில்லை, கூசவில்லை. ஈரமண் எப்போதும்போலக் குளிர்ந்திருந்தது. கலியபெருமாள் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, முதல்ல உன் பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியுங்கக்கா," என்றான் அவன். "பக்கத்துக் கதவுதானே. கேட்டுச்சு."

கூட்டத்தில் ஒருவரும் ஓடவில்லை, கல்லெடுக்கவில்லை. யார் என்பது தெரிந்துபோனதும் அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஜுனைதாதான் முதலில் இறங்கிவந்தாள். புதிதாக எதைப் பார்த்தாலும் செய்கிறமாதிரி, தடத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துப் படம் எடுத்தாள். பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மெத்தை அகலமாத்தான் இருக்கு," என்றார். "இருந்தாலும் பொட்டைதான்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் பாக்கியசீலி. ஒன்றுமில்லை; கால்தான். ஞானதுரை எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எப்போலருந்து தெரியும்?"

"மொதல் ஞாயித்துக்கிழமையே. நான்தானே உன் பின்னாடி வர்றவன். நீ காலெடுக்க எடுக்கப் பார்த்துட்டே வந்தேன்."

"என்கிட்டே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல?" என்றான். "நீ அன்னைக்குப் பூவைப் பார்த்துட்டு அவ்வளவு சந்தோஷமா வந்தே."

"பயமா இல்லையா உங்களுக்கு? பக்கத்துலயே படுத்துக்கிட்டு?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் இத்தனை நாளும் பேசாமல் துணியும் மண்வெட்டியுமாகத் திரிந்தான்.

"மொத வாரம் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. பவுடர் தூவி வெச்சே பாரு, நீ என்னைச் சந்தேகப்படறேன்னு தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் நெசமாவே பயந்துட்டேன். எங்கே என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு."

அவள் மடியிலிருந்து காலை இறக்கினாள். எழுந்துபோய் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே மறுபடி சாரல் பிடித்தது.

அவள் கடைக்கு ஒரு வாரம் யாரும் வரவில்லை. பிறகு சவரியப்பனுக்கே பல்வலி வந்தது. தெருவில் நின்றபடி மாத்திரைப் பேரைக் கத்தினார், அவள் படியில் வைத்தாள், அவர் எடுத்துக்கொண்டார். அடுத்தநாள் அவர் படிவரை வந்தார். அதற்கடுத்து கவுண்டரில் முழங்கையை ஊன்றிவிட்டார். ரேஷன் கடை மணலைக் கூட்டித் தள்ளினார்கள். அவள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால்தான் ஆயிற்று என்று சங்கத்தில் சிலர் பிடிவாதம் பிடிக்க, கலியபெருமாளே எடுத்துச் சோதித்தான். ரத்தசோகை இருக்கிறது, முருங்கைக்கீரை சாப்பிடவேண்டும் என்று முடிவு வந்தது. ஊர் அதைக் கேட்டு ஏமாந்துபோனது.

கலியபெருமாள் அந்த மாதக் கடைசியில் ஊரைவிட்டுப் போனான். இருக்கச் சொல்லிப் பலபேர் கேட்டார்கள். வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கிறேன் என்றார். "வேணாங்க, இனிமே நீங்க சிரிச்சாலும் எனக்கு ஏன்னு தோணும்," என்று சொல்லிவிட்டான். பஸ்ஸில் ஏறும்முன் பாக்கியசீலி கொடுத்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றான்; பண்ணவில்லை.

ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்டபோது மிச்சமிருந்த ஐந்து பேரும் மறுபடி சோலைக்குப் போனார்கள். இப்போது ஞானதுரை மனைவிக்குப் பின்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தான். போஜன் பாறையில் பொட்டலத்தைப் பிரித்தார். மேலே மலை அணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவியது. பேராசிரியர் தவிட்டுப்பழச் செடியைக் காட்டினார். ஜுனைதா கண்ணை மூடிக்கொண்டு ஒரு குரலைக் கேட்டு, மரங்கொத்தி என்றாள். பேர் சொல்லி, ஒத்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வரும் வழியில், பேராசிரியர் நின்றார்.

பாதையில் பூட்ஸ் தடங்கள் இருந்தன. பாக்கியசீலியின் சிறுத்தைத் தடம் இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே நடையில், இடது வலது, இடது வலது என்று, கடமானின் பிளந்த குளம்புத் தடம் போய்க்கொண்டிருந்தது.

ஜுனைதா கேமராவைத் தூக்கி, பிறகு இறக்கிவிட்டாள். ஆணா பெண்ணா என்று பேராசிரியர் சொல்லவில்லை. ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. வழுக்குகிற அந்தச் சரிவில், விழாமலிருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஐந்து பேரும் ஒற்றைக் காலில் நின்று, அவரவர் பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தார்கள்.